காயாத கல்

நடுப்பகல் வெயிலில் தண்ணீரும் ரம்மும் ஊற்றி நனைத்த கல், வேலியோரத்துச் சீமைப்பலாவின் நிழல் முற்றத்தைக் கடந்து வாசற்படிவரை வந்துவிட்ட பிறகும் காயவில்லை.

ஐசோலின் அதை உடனே கவனிக்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்ததில் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு துவரைக்காய் உரித்தாள். உரிக்க உரிக்கக் கண் தானாகவே கல்லின் பக்கம் போனது. இரண்டு மரக்கட்டைகளின்மேல் ஆள் நீளத்துக்குக் கிடந்தது அது. புயல் போனதிலிருந்து ஒரு துளி மழை இல்லை. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு விறைத்துப்போகிற காலம். ரம்மைத் தரையில் ஊற்றினால் மண் நனைவதற்குள் வாசனை மட்டும்தான் மிஞ்சும். இந்தக் கல் மட்டும் அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து தூக்கி வைத்ததுபோலக் கறுத்து மின்னிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்ச் சமையல் துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்தாள். துடைத்த இடம் ஒரு மூச்சு விடும் நேரம் வெளிறிவிட்டு, உள்ளிருந்து கசிந்த ஈரத்தில் மறுபடி கறுத்தது. துணியை மோந்து பார்த்தாள். ரம் வாசனை இல்லை. நீற்றிய சுண்ணாம்பின் காரம், தீய்ந்த கரும்புப்பாகின் இனிப்பு, அதற்கடியில் வெகுகாலம் மூடிக்கிடந்த தொட்டியின் நெடி. அவளுக்குப் பழக்கமான வாசனைதான். கோட்டையின் வாசனை.

"அல்ஃபோன்ஸ், இந்தக் கல்லு ஏன்டா காயல?"

மரத்தடியில் தொப்பியை முகத்தில் போட்டுப் படுத்திருந்த அவளுடைய சித்தி மகன் தொப்பியை எடுக்கவில்லை. கொத்தனார் வேலை பார்ப்பவன். கல்லைச் செதுக்கிப் பெயர் வெட்டியது அவன்தான். "கொத்துனது நானு. காய வைக்கிறதும் நானேவா? சூரியனக் கேளு."

"விளையாடாத. வந்து பாரு."

"உங்கம்மா கல்லுதானே ஐசோ. உயிரோட இருக்கும்போதே ஒரு கிளாஸ் உள்ள போனா அவளுக்கு லேசுல வத்தாது."

வெளியடுப்பில் சோளமாக் களி கிண்டிக்கொண்டிருந்த யூனா சிரித்த சிரிப்பில் துடுப்பு அண்டாவின் விளிம்பில் இடித்தது. அடுத்த வீட்டுக்காரி அவள். ஊருக்கே அத்தை என்பதால் எல்லோருக்கும் டான்டி யூனா. ஐசோலினின் அம்மாவோடு நாற்பது வருடம் வேலிக்கு மேலாகச் சண்டை போட்டவள், அம்மா செத்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள்.

"செத்தவளக் கிண்டல் பண்ணாதடா. இன்னிக்கு அவ வர்றா. வந்ததும் மொதல்ல உன் காதத்தான் திருகுவா."

"திருகட்டும். என் காசு கொஞ்சம் தரணும் அவ, அதையும் கொண்டுவரச் சொல்லு."

ஐசோலின் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை.

அந்தத் தீவில் மண்ணுக்குள் வைப்பது பாதி வேலைதான். புதைத்த மண் இறுகி அமர்ந்த பிறகு, கைக்கு வசதி வருகிற வருடத்தில், பிள்ளைகள் கல் வைப்பார்கள். அதுவரை செத்தவர் போவதுமில்லை, இருப்பதுமில்லை. கனவில் வந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மா ஆல்பர்த்தா செத்து நாலு வருடமாகிவிட்டது. வாரத்தில் ஒரு முறையாவது ஐசோலினின் தூக்கத்துக்குள் வந்து, அடுக்களை அலமாரியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "இன்னும் எனக்கு ஒண்ணும் பண்ணலையாடி?" என்று கேட்பாள். அதில் கோபம்கூட இருக்காது. கோபமில்லாததுதான் தாங்க முடியவில்லை. தூங்கி எழுந்து உடம்பு லேசான நாள் என்று ஒன்று நாலு வருடமாக ஐசோலினுக்கு வாய்க்கவில்லை. நாளைக் காலை இந்தக் கல் கல்லறைக்குப் போய்விட்டால் அம்மா தூங்குவாள். அவளும் தூங்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, தண்ணீராலும் ரம்மாலும் நனைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம் செத்தவர் படுத்த கட்டிலில், பிணத்தைக் கிடத்துவதுபோலவே கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, பக்கத்தில் உப்பில்லாத சாப்பாடு வைத்துக் கதவைச் சாத்த வேண்டும். விடியும்வரை யாரும் திறக்கக்கூடாது. வந்தவர் ஆளில்லாத வீட்டைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காகச் சொந்த ரத்தம் ஒன்று கதவுக்கு வெளியே இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கல் புதியதாக இருக்க வேண்டும். யார் வீட்டுச் சுவரிலாவது இருந்த கல் ஆகாது. அதில் அந்த வீட்டாரின் பங்கு இருக்கும்.

பெரிய தீவிலிருந்து வருகிற கல் புயலுக்குப் பிறகு வரவே இல்லை. வந்த படகெல்லாம் தகரமும் சிமெண்டும்தான் ஏற்றிவந்தன. அப்போதுதான் அல்ஃபோன்ஸ் சொன்னான், கோட்டையின் கடல்பக்கச் சுவர் புயலில் சரிந்து கிடக்கிறதே, அதில் ஆள் நீளக் கல்லே இருக்கிறது என்று. கோட்டையைச் சுற்றிக்காட்டும் வேலை பார்ப்பதால் அதன் சாவி ஐசோலினிடம்தான் இருந்தது. ஒரு வாரம் யோசித்தாள். கடைசியில், கோட்டை யாருடைய வீடும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கோட்டையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. உல்லாசக் கப்பல் வரும் நாட்களில், வெயிலில் சிவந்த முகங்களுக்கு முன்னால் நின்று அதையே சொல்லிச் சொல்லி இருபது வருடத்தில் வாய் மரத்துப்போயிருந்தது. பிரெஞ்சுக்காரன் தொடங்கினான், இங்கிலீஷ்காரன் பிடித்தான், ஒரு ஒப்பந்தத்தில் திருப்பிக் கொடுத்தான், இன்னொரு சண்டையில் மறுபடி பிடித்தான். பீரங்கிகள் எதிரியைச் சுட்டதே இல்லை. பொழுது சாயும்போது தினமும் வெறும் மருந்தை வெடித்தார்கள், கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்குக் கேட்கட்டும் என்று. பிறகு அங்கே காய்ச்சல்காரர்களை அடைத்தார்கள், பிறகு கைதிகளை, பிறகு ஆடுகளை. பவளத்தையும் சங்கையும் சுட்டெடுத்த சுண்ணாம்பில் கரும்புப்பாகு கலந்து குழைத்ததுதான் சாந்து. வெட்டியதும் சுமந்ததும் அடுக்கியதும் தோட்டங்களிலிருந்து இரவல் வாங்கிய அடிமைகள். கடல்பக்கச் சுவர் கட்டும்போதே இரண்டு தடவை சரிந்தது. இரண்டாம் தடவை ஒரு முழு வரிசை ஆட்கள் அதன் அடியில் இருந்தார்கள். எதிரிக் கப்பல்கள் வருகிற பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது, தோண்டி எடுக்க நேரமில்லை; மேலேயே கட்டச் சொன்னார்கள். "மூன்றாவது தடவை நின்றது" என்று ஐசோலின் முடிப்பாள். பிறகு யாராவது கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள்.

அந்த ஆட்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. அதையும் சொல்வாள். சொல்லும்போதே மதியச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பாள்.

காலையில் நாலு பேர் பேசிச் சிரித்துக்கொண்டே வண்டியிலிருந்து இறக்கிய கல்லை, மாலையில் அதே நாலு பேரால் அசைக்க முடியவில்லை. அல்ஃபோன்ஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "செத்த பிறகு உடம்பு வச்சுட்டாளா உங்கம்மா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. தெருவில் போன இரண்டு படகுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று அம்மாவின் அறைக்குள் கொண்டுபோனார்கள். கட்டிலில் இறக்கியபோது அதன் கால்கள் பலகைத் தரையில் பல் பதிவதுபோல் பதிந்தன. வெளியே வந்த அல்ஃபோன்ஸ் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். வெள்ளையாக இருந்தன. சட்டையில் தேய்த்தான், போகவில்லை.

"கோட்டைத் தூசி," என்றாள் ஐசோலின்.

"தூசி ஒட்டுமா இப்படி?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. கழுவிக்கிறேன்" என்றான்.

அவளே துணியைப் போர்த்தினாள். களி, துவரை, உப்பில்லாமல் வேகவைத்த மீன், தட்டிய சங்குக்கறி, ஒரு கிளாஸ் ரம். அம்மாவுக்குப் பிடித்த நீலப்பூப் போட்ட தட்டு. போர்வை அதற்குள் கல்லோடு ஒட்டி, ஈரத்தில் உடம்பின் மேடுபள்ளம்போல் மடிப்பு விழுந்திருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

படகு வருகிற நேரம். பெரிய தீவிலிருந்து அண்ணன் ரூப்பர்ட் குடும்பத்தோடு வருகிறான், மேளக்காரர்களும் அதே படகில். டான்டி யூனா அண்டாவை மூடிவிட்டுத் தலைத்துணியைக் கட்டினாள்.

"நாங்க துறைக்குப் போய்ட்டு வந்துர்றோம். ரூப்பர்ட் பொண்டாட்டி பொட்டி பொட்டியாக் கொண்டுவருவா, தூக்க ஆள் வேணும். நீ இருந்துக்குவேல்ல?"

"நான்தானே டான்டி இருக்கணும்."

"உள்ள சத்தம் கேட்டா பயந்துராத."

"எங்கம்மா சாப்பிடற சத்தம் எனக்குத் தெரியாதா?"

"எனக்கே தெரியும். மீன் முள்ள உறிஞ்சினா என் வீட்டுப் பூனை முழிச்சுக்கும்." யூனா அவள் கன்னத்தைத் தட்டினாள். "நாளைக்கு நல்லாத் தூங்குவடி பொண்ணே. முகம் எப்படிப் போச்சு பாரு."

அவர்களின் குரல்கள் சரிவில் இறங்கித் தேய்ந்தன. ஐசோலின் அறைக் கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள். புயலுக்குப் பிறகு மின்சாரம் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித் திரியைத் தாழ்த்தினாள். ஜன்னலில் ஆரஞ்சாக இருந்த வெளிச்சம் கொஞ்ச நேரத்தில் சாம்பலாகி, அங்கே எப்போதும் ஆவதுபோல் யாரோ மூடியைப் போட்டு மூடியதுபோல் அணைந்தது. புதர்களில் தவளைகள் விசிலடிக்கத் தொடங்கின. தூரத்தில் அலை பாறையில் மோதித் திரும்பும் சத்தம், அண்டாவின் அடியில் தணல் உடைகிற சத்தம், கூரைத் தகரம் சூடு ஆறி முனகுகிற சத்தம். எல்லாம் தெரிந்த சத்தங்கள். அவற்றுக்கு நடுவில் கண் செருகியது.

கட்டில் கிரீச்சிட்டது.

முதலில் அவளுக்கு வந்தது பயம் இல்லை, நிம்மதி. வந்துவிட்டாள். நாலு வருடம் கழித்துத் தன் கட்டிலில் புரண்டு படுக்கிறாள். எழுந்து போய்க் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மரம் குளிர்ந்திருந்தது. உள்ளே கனமான ஒன்று, முதுகில் பாரம் வைத்தவர் எழுவதுபோல் மெல்ல எழுந்தது. பலகைத் தரை அழுந்தியது. மேசையருகே வந்து நின்றது.

தட்டு நகர்ந்தது.

அம்மா சாப்பிடுவது ஒரு பெரிய காரியம். பல்லில்லாத வாயில் களியை உருட்டி, இடையில் பெருமூச்சு விட்டு, முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்து, எவ்வளவு கொடுத்தாலும் பாதியை மிச்சம் வைப்பாள். ஐசோலின் அந்தப் பெருமூச்சுக்காகக் காத்திருந்தாள்.

உள்ளே மென்று தின்னும் சத்தம் இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும். விழுங்கி, மூச்சுக்குத் திணறி, மறுபடி விழுங்கி. எலும்பும் முள்ளும் வலுவான பற்களுக்கிடையே நொறுங்கின. கிளாஸ் காலியாகிக் கீழே உருண்டது. நகம் தட்டைச் சுரண்டியது. நாக்கு. மறுபடி நகம். தட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் நிற்காமல் சுரண்டியது.

"அம்மா?"

சுரண்டல் நின்றது. புரியாத பாஷையில் யாரோ பேசியதைக் கேட்டவன் தலையைச் சாய்த்து நிற்பானே, அப்படி ஒரு அமைதி. கதவின் அந்தப் பக்கம், அவள் நெற்றி இருந்த உயரத்துக்கும் மேலே, ஒரு மூச்சு வந்து நின்றது. அம்மா குள்ளம்.

சுண்ணாம்பு வாசனை. தீய்ந்த பாகு வாசனை.

கால்விரல்களில் குளிர்ச்சி பட்டது. குனிந்து பார்த்தாள். கதவின் அடியிலிருந்து பால்போல் வெள்ளையாக நீர் கசிந்து அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

நடுப்பகலில் கல்லை நனைக்கும்போது தான் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். களைப்பில் பெயரை வாய்க்குள் முணுமுணுத்திருந்தாள். சத்தமாகச் சொன்னது மற்றதைத்தான். இது உன் கல். எழுந்து வா. இது உன் வீடு. வந்து சாப்பிடு. அந்த வார்த்தைகளில் அம்மாவுக்கு மட்டும் என்று எதுவும் இல்லை. யாருமே கூப்பிடாத ஒருவன் அந்தக் கல்லின் அடியில் கிடந்து இருநூறு வருடமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், அவன் எழுந்து வராமல் என்ன செய்வான்?

கதவைத் திறக்கவில்லை. ஓடவும் இல்லை. யாராக இருந்தால் என்ன, சாப்பிட்டாயிற்று, போகட்டும், விடிந்ததும் கல்லைக் கொண்டுபோய் அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அந்த நிலையிலும் மனது பேரம் பேசியது. நாலு வருடக் களைப்பு பேசிய பேரம் அது.

மூச்சு கதவை விட்டு விலகியது. தரை அழுந்தி அழுந்தி ஒலி பின்னால் போனது. பின்ஜன்னலின் மரக்கதவு திறந்தது. வெறுங்கால் இரண்டும் மண்ணில் இறங்கின.

போய்விட்டது.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய்விட்டது, போய்விட்டது. கோட்டைப் பாதையில் காலடிகள் ஏறின. கேட்காத தூரத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்தாள்.

அப்போது அது கூப்பிட்டது.

வார்த்தை இல்லை. கனத்தைத் தூக்குவதற்கு முன் முன்னால் நிற்பவன் கொடுக்கிற குரல், நீளமாக, ஒரே மூச்சில். தவளைகள் நின்றன. அலைகூட நின்றதுபோல் இருந்தது. குன்றின் மேலே, சரிந்த சுவரின் பக்கத்திலிருந்து, பதில் குரல் வந்தது.

ஒரு குரல் அல்ல.

பிறகு கல்லோடு கல் உரசும் சத்தம். வெகுநேரம். பிறகு காலடிகள், இறங்கி. கனமாக. ஒரே சீராக.

வேலி முறிந்தது.

முற்றத்தில் ஏதோ இறங்கியது. தரை அதிர்ந்து விளக்குச் சுடர் துள்ளியது. அமைதி. மறுபடி ஒன்று. மறுபடி. சமையல் பாத்திரங்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. மறுபடி.

"ரூப்பர்ட்?" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "டான்டி?"

மறுபடி.

யாரும் வாசற்கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் திறந்திருக்க மாட்டாள். எல்லாம் அடங்கிய பிறகு, வெளியே அத்தனை பேர் அத்தனை பொறுமையாக நிற்பது சுவர் வழியாகவே தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு தாழ்ப்பாளை எடுத்தாள்.

முற்றம் முழுவதும் கற்கள். ஆள் நீளக் கற்கள், அடுத்தடுத்து, ஒன்றுக்கொன்று ஒட்டாமல், கல்லறையில் போடுவதுபோல் வரிசையாக. வாசற்படியிலிருந்து சீமைப்பலா மரம்வரை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒருவர். தலைமுடி, இமை, உதடு எல்லாம் சுண்ணாம்பு. சிலருக்குத் தோள் இருக்க வேண்டிய இடம் உள்ளே போயிருந்தது. சிலருக்கு முகம் தட்டையாக இருந்தது. யாரும் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் நின்றவன் உயரமாக இருந்தான். தன் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து மெல்ல முன்னால் நகர்த்தினான். அடுத்துக் கூப்பிட வேண்டியது இவளை என்பதுபோல.

ஐசோலினின் வாய் திறந்தது. அதில் சொல்ல ஒரு பெயர்கூட இல்லை.

விளக்கை உயர்த்தினாள். முறிந்த வேலிக்கு அப்பால் பாதை குன்றுவரை வெள்ளையாகத் தெரிந்தது. பாதை முழுக்க ஆட்கள், தலையில் கல்லோடு, ஒருவர் பின் ஒருவராக. வளைவில் வரிசை மறைந்து மேலே மறுபடி தெரிந்தது. அதன் கடைசியில், எல்லோருக்கும் பின்னால், குள்ளமாக ஒருத்தி நின்றிருந்தாள். அம்மாவுக்குத் தாங்கள் போட்டுப் புதைத்த ஊதா உடுப்பு. மற்றவர்களைப்போல் அவள் தலையில் கல் இல்லை. இரண்டு கைகளும் வெறுமையாகத் தொங்கின. மகளைப் பார்க்கவில்லை, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் முறைக்குக் காத்திருப்பவள்போல.

முற்றத்தில் இன்னொரு கல் இறங்கியது. வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.